துவக்குக் கழகத்துக்கு மூன்று கடதாசி

லண்டனிலிருந்து மடுத் திருவிழாவுக்கு வந்திருந்த மருமகன் ஒருவன், மன்னார் பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் வைத்து இப்படிக் கேட்டான்: "மாமா, நான் இருக்கிற இடத்தில ஒரு ரைபிள் கிளப் இருக்கு. சனிக்கிழமையில போய்ச் சுடுறாங்கள், பிறகு கோப்பி குடிச்சிட்டு வீட்டை போறாங்கள். அந்தக் கிளப்புக்கு நான் காசு குடுத்தால் அரசாங்கமும் மேல காசு போடுது. கட்டட வரியிலயும் பெரிய தள்ளுபடி. எங்கட ஊர்ப் பந்துக் கழகம் தலைமுறை தலைமுறையாப் பிள்ளைகளை விளையாட வைக்குது. அதுக்கு ஏன் ஒரு சதமும் இல்லை? துவக்குச் சுடுறது தர்மம், பந்தடிக்கிறது தர்மமில்லையோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. பேசாலையில் படகு வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டால் இது சட்டென்று விளங்கும். படகைப் பதிவது ஒன்று, தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் எடுப்பது இன்னொன்று, எண்ணெய் மானியம் வந்தால் அதை வாங்குவது வேறொன்று. ஒன்று கையில் இருப்பதால் மற்றது தானாக வராது. துவக்குச் சுடும் கழகத்துக்கும் அப்படியே மூன்று கடதாசி. ஆயுதத்தை வைத்திருக்கலாம் என்பது முதலாவது. இது ஒரு விளையாட்டு, நீங்கள் ஒரு விளையாட்டுக் கழகம் என்பது இரண்டாவது. நீங்கள் செய்வது ஊருக்கு நன்மை, ஆகவே வரிச் சலுகைக்குத் தகுதி உண்டு என்பது மூன்றாவது. மருமகன் கேட்டது மூன்றாவதைப் பற்றி. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

முதலாவது கடதாசி சுருக்கமானது, கடுமையானது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் சுடுகலன்கள் திருத்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உள்துறை அமைச்சின் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழகங்களுக்கு ஒரு வசதி கொடுக்கிறது. அப்படிப்பட்ட கழகத்தின் உறுப்பினர், தனக்கென்று தனிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், கழக வேலையாக இருக்கும்போது கழகத்து ரைபிளைக் கையில் எடுக்கலாம். அதற்குக் கழகத்தில் குறைந்தது 10 பேராவது இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் குறைந்தது 3 மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து, கண்காணிப்பில் சுட வேண்டும். இந்த அங்கீகாரத்துக்கும் தர்மத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது பொதுமக்கள் பாதுகாப்புக்கான விஷயம், அவ்வளவுதான்.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறு ஆண்டு தாண்டியும் திருத்தங்களோடு அதுவே நடைமுறையில் இருக்கிறது. துவக்கு வைத்திருக்கிறவர் வருடாவருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். மன்னார்க் கரையில் துவக்கு என்றால் பழைய ஆட்களுக்கு இடியன் துவக்கும், வயலைப் பன்றியிலிருந்து காக்கிற தோட்டாத் துவக்கும் நினைவுக்கு வரும். காட்டோரத்து ஆட்களுக்கு, கால் பட்டால் வெடிக்கிற கட்டுத்துவக்கு நினைவுக்கு வரும். நடுவயதுக்காரருக்கு நினைவுக்கு வருவது வேறு. இந்தத் தீவும் பெருநிலமும் முப்பது ஆண்டு கேட்ட வெடிச்சத்தத்தில் விளையாட்டுக்கு இடமிருக்கவில்லை. ஆகவே இங்கே யாராவது துவக்குக் கழகம் என்று பேச்செடுத்தால், கச்சேரியில் கோப்பு நகர்வதற்கு முன்னரே ஊர் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பிலும் நியாயம் உண்டு.

இரண்டாவது கடதாசிக்கு வருவோம். துவக்குச் சுடுதல் விளையாட்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு ஒரேயொரு தங்கம் கிடைத்தது. அதை வென்றவர்கள் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்ரமசிங்கவும். பெண்களுக்கான காற்றுத் துவக்கு இணையர் போட்டியில் வென்றார்கள். அதற்கு முன் பொதுநலவாயத் தங்கத்துக்கு நாடு 1950இல் டங்கன் வைற் தடை ஓட்டத்தில் வென்றதைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தெஹானி எகொடவெல 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் இலங்கைக்காக நின்றார்.

அந்தப் போட்டியைக் கிட்ட நின்று பார்த்தால் பலருடைய எண்ணம் மாறும். சுடுகிறவருக்கும் இலக்குக்கும் இடையில் 10 மீற்றர். ஒரு பாடசாலை மண்டபத்தின் நீளம் போதும். குண்டின் பருமன் 4.5 மில்லிமீற்றர். இலக்கின் நடுவில் 10 புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு வெள்ளைப் பொட்டு. குண்டு அந்தப் பொட்டைவிட ஒன்பது மடங்கு பெரிது. துவக்கின் நிறை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் 60 குண்டு. தடித்த கன்வஸ் சட்டை போட்டு, இடுப்பைச் சற்று முன்தள்ளி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் விசையைத் தொடுகிறார்கள். வெடிச்சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காற்று 'டப்' என்று போகும், அவ்வளவுதான். பொறுமையும் உடற்கட்டுப்பாடும் இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை.

இலங்கையில் எந்த விளையாட்டுக்கும் மேல்மட்ட அங்கீகாரம் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுத்துறைச் சட்டத்தின் வழியாக வருகிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தேசியச் சங்கம், அது அமைச்சில் பதிவு. துவக்குச் சுடுதலுக்கும் அப்படியொரு தேசியச் சம்மேளனம் இருக்கிறது. கீழ்மட்டத்தில் ஊர்க் கழகம் போய் நிற்கிற இடம் பிரதேச செயலகம். மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்று ஐந்து பிரதேச செயலகங்கள். யாப்பு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகசபை விபரம், கூட்ட அறிக்கை எல்லாவற்றோடும் விளையாட்டு உத்தியோகத்தரைக் கண்டால், கழகம் பதிவாகும். பதிவானால் பிரதேசப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம். உபகரணம் பங்கிடும்போது பட்டியலில் பெயர் இருக்கும். எங்கள் பந்துக் கழகங்கள் பெரும்பாலும் இந்த இடம்வரை வந்து நின்றுவிட்டன. மருமகனுடைய கழகமும் இங்கேதான் நிற்கிறது.

இனி மூன்றாவது. கதை ருசியாக இருப்பது இங்கேதான், ஆகவே இரண்டாவது பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

எது தர்மம் என்று ஆங்கிலேய நீதிமன்றங்கள் 1891இல் நான்கு கூறாக வகுத்தன: வறுமை நீக்கல், கல்வி, சமயம், பொதுமக்களுக்கு நன்மை தரும் பிற காரியங்கள். அடுத்த ஆண்டே துவக்குக்காரரின் வழக்கு ஒன்று வந்தது. ஸ்டீவன்ஸ் என்பவர், ஓடுகிற இலக்கைச் சுடப் பழக்குவதற்கென்று தேசிய ரைபிள் சங்கத்துக்குத் தன் மரணசாசனத்தில் பணம் எழுதி வைத்திருந்தார். ஏன் ஓடுகிற இலக்கு? 1881இல் தென்னாபிரிக்காவின் மஜூபா மலையில் போயர் விவசாயிகள் பிரித்தானியப் படையைச் சுட்டு விரட்டிவிட்டார்கள். அப்படி இன்னொரு தோல்வி வரக் கூடாது என்பது அவருடைய கவலை. நாட்டின் பாதுகாப்பு பொதுநன்மை, ஆகவே இது தர்மம் என்று 1892இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தர்மமாகப் பார்க்கப்பட்டது படை பலம். சுடுகிறவருடைய சந்தோசம் அங்கே கணக்கில் வரவில்லை.

இதை உறுதிப்படுத்துவது போல மூன்று ஆண்டு கழித்து 1895இல் நொட்டேஜ் வழக்கு வந்தது. அவர் பாய்க்கப்பல் ஓட்டப் போட்டிக்கு வருடாவருடம் ஒரு கிண்ணம் கொடுக்கப் பணம் எழுதி வைத்தார். நீதிபதிகள் மறுத்தார்கள். விளையாட்டு நல்லதுதான், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் விளையாட்டை விளையாட்டுக்காகவே வளர்ப்பது தர்மமாகாது என்றார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக விளையாட்டுக் கழகங்களின் வாசலில் குறுக்கே கிடந்த தீர்ப்பு இதுதான்.

துவக்குக் கழகங்கள் ஸ்டீவன்ஸ் தீர்ப்பின் நிழலில் நெடுங்காலம் இருந்தன. பிறகு அந்த நிழலும் சுருங்கியது. பேர்ன்லி ரைபிள் கழகம், லண்டன் நகர ரைபிள் மற்றும் பிஸ்டல் கழகம் ஆகிய இரண்டின் விவகாரம் இங்கிலாந்தின் தர்ம ஆணைக்குழுவிடம் போனது. 1993இல் வெளியான அதன் முடிவு இப்படி: உறுப்பினர் வருவது தங்கள் விருப்பத்துக்கும் விளையாட்டுக்கும். நாட்டுப் பாதுகாப்புக்கு அதனால் வருகிற பலன் தற்செயலானது. ஆகவே இவை தர்ம நிறுவனங்கள் அல்ல. 2003இல் அதே ஆணைக்குழு விளையாட்டைப் பற்றி வழிகாட்டல் எழுதியபோது, உடல்நலத்துக்கான பயிற்சி என்று தனக்குத் தோன்றாதவற்றை வரிசைப்படுத்தியது. அதில் துவக்குச் சுடுதலுக்குப் பக்கத்தில் பில்லியர்ட்ஸ், பரசூட், தூண்டில் போட்டு மீன் பிடிப்பது எல்லாம் இருந்தன. இதைச் சொன்னதும் பக்கத்து மேசையில் இருந்த தலைமன்னார்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டார்.

கதவு மறுபடி சற்றுத் திறந்தது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில். தொழில்முறை அல்லாத விளையாட்டை வளர்ப்பதும் தர்மம் என்று அது ஒப்புக்கொண்டது. உடல் திறனோ மனத் திறனோ முயற்சியோ கொண்டு நலத்தை வளர்க்கிற விளையாட்டாக இருந்தால் போதும். அந்த வழியாக 2011இல் ஹிச்சின் என்ற ஊரின் பிரிட்ஜ் சீட்டுக் கழகமே தர்ம நிறுவனமாகப் பதிவு பெற்றது. தேசிய ரைபிள் சங்கமோ இன்றும் பதிவு பெற்ற தர்ம நிறுவனம்தான். 1859இல் தொண்டர் படைக் காலத்தில் பிறந்த அந்தச் சங்கத்தின் நோக்கத்தில் நாட்டின் பாதுகாப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

மருமகன் கண்ட கிளப் பெரும்பாலும் இவற்றில் எதுவுமாக இருக்காது. தர்மமும் அல்லாத, வெறும் கிளப்பும் அல்லாத நடுவழி ஒன்றைப் பிரித்தானியா 2002இல் திறந்தது. சமூகத் தொழில்முறையற்ற விளையாட்டுக் கழகம் என்று வரித் திணைக்களத்தில் பதியலாம். துவக்குச் சுடுதலும் அந்தப் பட்டியலில் உண்டு. பதிந்த கழகத்துக்குக் கட்டட வரியில் 80 வீதத் தள்ளுபடி. அங்கே வரி கட்டுகிற ஒருவர் 100 பவுண் அன்பளிப்புச் செய்தால், கழகம் அரசிடமிருந்து இன்னும் 25 பவுண் கேட்டு வாங்கலாம். மருமகன் சொன்ன 'அரசாங்கம் மேல போடுற காசு' இதுதான்.

நிபந்தனைகளையும் சொல்ல வேண்டும். ஊரில் யார் வந்தாலும் சேர முடிய வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது உண்மையில் விளையாட வேண்டும். வெறுமனே குடித்துக் கதைக்க வருகிறவர் கூடினால் பதிவு போய்விடும். சேர்ந்து விளையாட வருடத்துக்கு 520 பவுணுக்கு மேல் செலவாகுமென்றால், கட்ட வசதியில்லாதவருக்குக் கழகம் ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். இன்னொன்று முக்கியம்: உறுப்பினர் சந்தாவுக்கு அந்த 25 பவுண் கிடையாது. சந்தா கட்டுகிறவர் அதற்குப் பதிலாக விளையாட இடம் பெறுகிறார். பதிலுக்கு எதையும் வாங்காமல் கொடுத்தால்தான் அன்பளிப்பு.

"அப்ப இஞ்ச?" என்றான் மருமகன்.

இங்கே எங்களுக்கும் அந்த நான்கு கூறு வந்து சேர்ந்திருக்கிறது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99ஆம் பிரிவில் அவை இருக்கின்றன. வறுமை, கல்வி, சமயம், மனிதகுலத்துக்குப் பயன்படும் பிற காரியங்கள். ஆகவே விளையாட்டுக்கு முற்றாகக் கதவடைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வரியில் கழிவு கேட்கப் போனால் வாசல் ஒடுங்கிவிடும். 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரித்த தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்ததைக் கழிக்கவிடுவது ஒரு வகைக்குத்தான்: நோயாளரையும் வறியவரையும் ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். தனிமனிதருக்கு அதற்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டமும் மாற்றுத்திறனாளிகள், ஏழைகள், அநாதைகள், இடருற்றோர் என்றே பேசுகிறது. பந்தடிக்கிற பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு விளையாட்டின்மேல் கோபமில்லை. விளையாட்டு விளையாட்டு அமைச்சின் பொறுப்பு, தர்மம் வேறொரு திணைக்களத்தின் பொறுப்பு என்று இரண்டு அலுமாரியில் வைத்துவிட்டார்கள்.

இந்தியா இதை இன்னொரு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய கம்பனிகள் சமூகத்துக்கென்று செலவிட வேண்டிய பணத்தைக் கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு, பரா ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றின் பயிற்சிக்கும் செலவிட அனுமதிக்கிறது. ஒலிம்பிக் கோல்ட் குவெஸ்ட் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பை 2001இல் தொடங்கியவர்கள் பிரகாஷ் படுகோனும் கீத் சேத்தியும். துவக்குச் சுடுகிறவர்களையும் அது தாங்குகிறது. 2012இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் 'கன் ஃபோர் குளோரி' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அங்கே பயின்று, டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனார். ஒரு தமிழ்ப் பிள்ளையின் தோளில் ஏறிய அந்தத் துவக்குக்குப் பின்னால் இப்படிப் பல பேருடைய காசு இருக்கிறது. ஆனால் அந்தக் காசு போனது பயிற்சிக்கு, பிள்ளைக்கு. கிளப்பின் கூரைக்கும் கோப்பி மேசைக்கும் அல்ல.

மூன்று நாட்டிலும் தர்மத்தின் வாசலில் நிற்கிறவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதனால் நன்மை யாருக்கு? உள்ளே இருக்கிற பத்துப் பேருக்கு என்றால், அது நல்ல கழகம், ஆனால் தர்மமல்ல. இன்னும் வராத பிள்ளைக்கும் என்றால் கதை வேறு. இதற்கு ஒரு நல்ல உதாரணம் பந்திலிருந்தே கிடைக்கிறது. பாடசாலை மாணவருக்கு உதைபந்தாட்டமும் பிற விளையாட்டும் கிடைக்கச் செய்ய இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு நம்பிக்கை நிதியம் வைத்தது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 1980இல் பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது: பிள்ளைகளின் உடற்பயிற்சி கல்வியின் ஒரு பகுதி, ஆகவே தர்மம். அதே பந்து, அதே கோல் கம்பம். பாடசாலைப் படலையால் உள்ளே போனபோது வேறு கணக்கு.

மன்னாருக்கு இதில் பாடம் உண்டு. வெளிநாட்டுப் பணம் கழகத்துக்கு என்று வந்தால், சீருடைக்கும் வருடாந்த விருந்துக்கும் போவது எங்கே, பதினான்கு வயதுப் பிள்ளையின் பயிற்சிக்குப் போவது எங்கே என்று தெரியாமல் கலந்துவிடும். பிள்ளைகளின் பயிற்சிக்கென்று தனிக் கணக்கு, இரண்டு மூன்று பேர் கையொப்பம், பாடசாலை அதிபரும் அறிந்த திட்டம் என்று வைத்தால், லண்டனில் இருக்கிற ஊர்ச் சங்கம் பதிவு பெற்ற தர்ம நிறுவனமாக இருந்து கொடுக்கும்போது அங்கே அதற்குரிய சலுகையைக் கேட்க வழியிருக்கும். பணம் என்ன ஆனது என்று அங்கே நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு இங்கேயிருந்துதான் போக வேண்டும்.

துவக்குக்கும் இதே பாதை பொருந்தும், இன்னும் கவனமாக. எங்கள் பக்கத்தில் என்றாவது ஒருநாள் அந்த விளையாட்டு வருமென்றால், காட்டோரத்திலோ வங்காலைப் பக்கத்துச் சேற்று வெளியிலோ வரக் கூடாது. வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. குளிர்காலத்தில் பூநாரை வந்து நிற்கிற இடம். துவக்கோடு அங்கே போகிறவரை யாரும் விளையாட்டு வீரர் என்று சொல்ல மாட்டார்கள், பொலிசும் சொல்லாது. காற்றுத் துவக்கு, பூட்டிய அலுமாரி, 10 மீற்றர் மண்டபம், தேசியச் சம்மேளனத்தின் பயிற்றுநர், பெற்றோர் வந்து பார்க்கத் திறந்த கதவு. அப்படி வந்தால் ஊரும் முகம் சுளிப்பதை மெல்ல விடும்.

மருமகன் கடைசியாக, "சரி மாமா, இந்த வருசம் நான் எங்கட கழகத்துக்கு என்ன செய்யலாம்?" என்றான்.

பணம் அனுப்ப முன்னர் யாப்பை வாங்கி வாசி என்றேன். முக்கியமாகக் கடைசிப் பக்கம். பிரித்தானியாவில் மருமகனுடைய ரைபிள் கிளப் பதிவு பெற வேண்டுமானால், கழகம் கலைந்தால் மிஞ்சுகிற சொத்து உறுப்பினர் கைக்குப் போகாது, இன்னொரு பதிவு பெற்ற கழகத்துக்கோ தர்ம நிறுவனத்துக்கோ அந்த விளையாட்டின் ஆட்சிச் சங்கத்துக்கோதான் போகும் என்று யாப்பில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் மைதானம் சில இடத்தில் கோயில் காணி, சில இடத்தில் அரச காணி. ஆனால் கழகத்துக் கட்டடம், கதிரை, கிண்ணம், வங்கி மீதி? நிர்வாகசபை இரண்டாகப் பிரிந்து சண்டை வரும் வரைக்கும் இவை யாருடையவை என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு வரி இல்லையென்றால் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி, யாப்புத் திருத்தமாகச் சேர்க்கச் சொல். யார் வேண்டுமானாலும் சேரலாம், மிச்சம் பிள்ளைகளின் விளையாட்டுக்கே என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதை எழுத எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை, ஒரு சதமும் செலவில்லை. அதற்குச் சபை கை உயர்த்தினால் காசை அனுப்பு. உயர்த்தத் தயங்கினால், ஏன் தயங்குகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்.

தேத்தண்ணிக் காசை அவன்தான் கொடுத்தான். அது அன்பளிப்பில் சேராது என்று நானும் சொல்லிவைத்தேன். பதிலுக்கு ஒரு விளக்கம் வாங்கியிருக்கிறானே!